டப்பா மூடியில் 11 பட்டாணி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மழலையர் வகுப்பில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை சாதத்திலிருந்து பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, டப்பா மூடியின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் விரல் வைத்து எண்ணிக் காட்டினாள். 11, ஒன்றுகூடத் தவறவில்லை. கணக்குப் பாடம் நன்றாகத்தான் நடக்கிறது என்று வகுப்பு ஆசிரியையும் நானும் சிரித்துக்கொண்டோம். பட்டாணி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

"காய் என்றாலே வாயை மூடிக்கொள்கிறான், என்னதான் கொடுப்பது?" என்று உங்களில் பலர் வாசலில் வைத்துக் கேட்கிறீர்கள். மணி அடிக்கிற அவசரத்தில் நான் சொல்லும் பதில் எப்போதும் அரைகுறைதான். அதனால் இந்த மாதக் கடிதத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இது உங்கள் வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை. 2 வயதிலிருந்து 6 வயதுவரை, தெரியாத உணவைக் கண்டு பிள்ளைகள் மிரள்வது சகஜம். போன வருடம் பூசணியைச் சப்புக்கொட்டித் தின்ற பிள்ளைகூட இந்த வருடம் தட்டைத் தள்ளிவிடும். கசப்பும் சிறுவர் நாக்குக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளைப் பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. ஆகவே உங்கள் வாய்க்குச் சாதுவாக இருக்கும் புரோக்கோலி, உங்கள் மகளுக்கு நிஜமாகவே கசக்கலாம். அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன சமைப்பது? இயல்பாக இனிக்கும் காய்களில் தொடங்குங்கள்: கேரட், பூசணி, மக்காச்சோளம், பட்டாணி. கேரட்டையும் பூசணியையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் எண்ணெய் தடவி, ஓரம் பழுப்பாகும்வரை சூட்டில் வாட்டினால் இனிப்பு இன்னும் தூக்கலாகும். எண்ணெய் சேர்ப்பதால் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் சத்து) உடம்பில் நன்றாகச் சேரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றையும் குழையக் குழைய வேகவைக்கவே வைக்காதீர்கள். வேக வேக அவற்றிலிருந்து கந்தக நெடி கிளம்பும், அந்த நெடிக்கே பாதிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சின்னப் பூக்களாகப் பிரித்து, அதிகச் சூட்டில் மொறுமொறுவென்று வாட்டிப் பாருங்கள். பெரியவர்களே தட்டைக் காலி செய்துவிடுவார்கள், குழந்தைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

கலந்த சாப்பாடு பிடிக்காத பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக வையுங்கள். ஒரு பக்கம் சாதமோ பாஸ்தாவோ, ஒரு பக்கம் முட்டை, ஒரு மூலையில் வெள்ளரித் துண்டு, தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் தயிர். தொட்டுச் சாப்பிடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி இருக்கிறது. தயிருக்காக வெள்ளரி உள்ளே போகும். உருளைக்கிழங்கு மசியலில் பட்டாணி சேர்த்து அவர்களையே உருண்டை பிடிக்கச் சொல்லலாம், பட்டாணியைத் தொட்டுப் பிசைந்த கை அப்புறம் அதை வாய்க்கும் கொண்டுபோகும். தக்காளியும் பூசணியும் வேகவைத்து வழவழவென்று அரைத்தால் பாஸ்தாவுக்குக் குழம்பு, அதையே தண்ணீர் விட்டு இளக்கினால் சூப்.

அரைத்துக் கலப்பதில் தப்பில்லை, சொல்லாமல் கலப்பதில்தான் வம்பு. என் மகளுக்கு 4 வயது இருக்கும்போது ஆம்லெட்டுக்குள் காலிஃபிளவரைப் பொடியாகச் சீவி மறைத்தேன். மூன்றாவது வாயில் ஒரு துணுக்கைத் துப்பி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன்பிறகு 2 மாதம் ஆம்லெட்டையே தொடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றையும் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். "இதில் பூசணி இருக்கிறது, நீயே போடு" என்று சொல்லிச் செய்திருக்கலாம்.

சமையலைவிடக் கடினம், தட்டை வைத்துவிட்டுச் சும்மா இருப்பது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பிரித்துச் சொல்வார். நான் பார்த்தவரை இதைவிட உதவும் ஒரு வரி இல்லை. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவதும் மிரட்டுவதும் வேண்டாம். "காயைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்ற பேரமும் வேண்டாம். ஐஸ்கிரீம் பரிசு, காய் தண்டனை என்றுதான் அது பிள்ளைக்குப் பதியும். ஒரே காயைச் சின்னத் துண்டாக 10, 15 முறை ருசி பார்த்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அது பழகுகிறது. நக்கிவிட்டுத் துப்பினாலும் அது ஒரு முறைதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 250 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. மலைக்காதீர்கள், இதில் பழமும் அடக்கம், அதுவும் முழு நாளுக்கான கணக்கு. ஒரு வேளைக்குத் தட்டில் வைக்க 2 கரண்டி போதும். பசியே இல்லாமல் உட்காரும் பிள்ளை எவ்வளவு பால் குடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். நாளெல்லாம் பால் குடித்தால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

டப்பாவில் வைப்பவற்றில் ஒரு விஷயத்தில் நாங்கள் கறார். திராட்சையையும் சின்னத் தக்காளியையும் நீளவாக்கில் நான்காக நறுக்கி அனுப்புங்கள். பச்சைக் கேரட்டைத் துருவியோ, லேசாக வேகவைத்தோ மட்டும் கொடுங்கள். முந்திரி, பாதாம், வேர்க்கடலை போன்றவற்றை முழுசாக வைக்க வேண்டாம். தொண்டையில் சிக்கினால் நிமிடங்கள்கூட அவகாசம் இருக்காது.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ, சாப்பிடும் உணவுகளின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கினாலோ தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதைச் சாதாரண அடமாக நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

வரும் திங்கள்கிழமை முதல் டப்பாவில் சுண்டுவிரல் அளவு ஒரு காய்த்துண்டு மட்டும் கூடுதலாக வையுங்கள். 2 வாரத்துக்கு அதே காய். வகுப்பில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், மிச்சம் அப்படியே திரும்பி வரும். மாலையில் பிள்ளையைக் கூப்பிட வரும்போது முதல் கேள்வி "காய் சாப்பிட்டியா?" என்பதாக இருக்க வேண்டாம். டப்பாவை வீட்டில் போய்த் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்