முதலில் குசினி, பிறகுதான் பேச்சு: விலங்கூர்க் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையைக் களமாக்கி, பேசும் விலங்குகள் கூடி வாழும் ஊர்க் கதைகளை எழுதுகிற, வரைகிற தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

வணக்கம். இதை எழுதும் எங்களில் சிலர் சிறுவர் கதைகளைத் திருத்திக் கொடுப்பவர்கள், சிலர் கால்நடைகளின் உடம்பும் நோயும் அறிந்தவர்கள். கற்பனைக்கு வேலி போட இதை எழுதவில்லை. மானும் சிறுத்தையும் ஒரே தெருவில் குடியிருக்கட்டும், காகம் தபால் கொண்டுபோகட்டும், எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே எல்லாருக்கும் பேச்சைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் "சிறுத்தை மத்தியானம் என்ன சாப்பிட்டது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் திணறுகிறோமே, அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஊரின் சட்டம், சண்டை, நட்பு எல்லாம் வயிற்றிலிருந்துதான் கிளம்பும். அதனால் குசினியை முதலில் கட்டுங்கள்.

அதற்கும் முன்னால் குடிமக்கள் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். இலங்கைக் காட்டில் புலி கிடையாது, சிங்கம் கிடையாது, ஓநாயும் கிடையாது. இங்கே வேட்டை விலங்குகளில் பெரியது சிறுத்தை. நரி உண்டு, கரடி உண்டு. ஓநாய்தான் வில்லனாக வேண்டுமென்றால் அது எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்பதையும் எழுதுங்கள். துறைமுகம் உள்ள ஊர், அதற்கு வழி இல்லாமல் போகாது. குரங்கு என்று பொதுவாக எழுதினாலும் போதாது. கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தி வேறு, உச்சந்தலையில் மயிர் தொப்பிபோல் படிந்திருக்கும் செங்குரங்கு வேறு. மந்திக்குக் கட்டைவிரல் குட்டை, செங்குரங்குக்கு அது நன்றாக மடங்கிப் பிடிக்கும். ஊரில் பூட்டைத் திறப்பது, அடுப்பு மூட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் செங்குரங்கின் தலையில்தான் விழும். அந்தச் சலிப்பு ஒன்றே ஒரு பாத்திரத்துக்குப் போதும்.

அடுத்தது, யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்ற கோடு. மீனும் பேசினால் பூனை பட்டினி. மீன் பேசாவிட்டால் பூனைக்கும் நாய்க்கும் சிறுத்தைக்கும் சோற்றுவழி பிறக்கும். இயற்கையாய் இறந்தவர்களை உண்பது, ஊரெல்லைக்கு வெளியே மட்டும் வேட்டையாடுவது என்று வேறு வழிகளும் உண்டு. முதலாவதில் ஒவ்வொரு செத்தவீடும் சங்கடமான காட்சியாகும். இரண்டாவதில் எல்லைக்கு வெளியே இருக்கும் மான் ஏன் குடிமகன் இல்லை என்ற கேள்வி கதையையே விழுங்கிவிடும். கடற்கரை ஊருக்கு மீன்வழிதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. அப்போதும் ஓங்கில், அதாவது டொல்பின், மூச்சுக்கு மேலே வரும் பாலூட்டி என்பதால் அது பேசும் பக்கத்தில் நிற்கும். கரைவலை, தூண்டில் இரண்டையும் விட்டுவைத்து, வெடி வைத்து மீன் பிடிப்பதை முதல் சட்டமாகத் தடை செய்யுங்கள். தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். குடாவில் ஒரு வெடி வெடித்தால் ஓங்கிலுக்கு அது காதுக்குள் வெடித்த மாதிரி.

சிறுத்தையைச் சைவமாக்கும் கதைகள்தான் எங்களை அதிகம் நெளிய வைக்கின்றன. கோணேசர் மலையடியில் வாழ்வதால் மனம் மாறிப் பருப்பும் சோறும் உண்கிறதாம். மனம் மாறலாம், ஈரல் மாறாது. பூனை இனத்துக்கு டோரின் என்ற சத்து உணவிலிருந்தே வரவேண்டும், அது பருப்பில் இல்லை. காரட்டில் உள்ள மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் அந்த உடம்புக்குத் தெரியாது. பருப்புச்சோற்றுச் சிறுத்தை உடனே சாகாது. மாதங்கள் போகப் போக விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். திருந்திய சிறுத்தை கண் மங்கி மூச்சு வாங்குவதுதான் அந்தக் கதையின் உண்மையான முடிவு. அதை எழுதத் துணிவிருந்தால் எழுதுங்கள், நல்ல கதைதான்.

மீன் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சிலவகை மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் கொடுத்தால், அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1 ஐ அழித்துவிடும். பூனைக்கு முதலில் பசி போகும், பிறகு நடை தள்ளாடும், கழுத்து கீழ்நோக்கி வளையும், கடைசியில் வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் அவிக்கும்போது டோரின் தண்ணீரில் கரைந்து இறங்கும். ஆகவே மீனை அவித்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வைக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சமையற்காரர் அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிடுகிற ஒருவராக இருந்தால், பூனைத்தெரு முழுக்க ஏன் நோய்ப்படுகிறது என்ற துப்பறியும் கதை தானாக வந்து நிற்கும்.

ஒருமுறை கணக்கும் போட்டுப் பாருங்கள். வளர்ந்த சிறுத்தைக்கு நாளுக்கு 4 கிலோ, பூனைக்கு 200 கிராம் என்று வைப்போம். இரண்டு சிறுத்தை, நாற்பது பூனை உள்ள ஊருக்கு நாளொன்றுக்கு 16 கிலோ மீன் வேண்டும். சோளகக் காற்றும் கச்சான் காற்றும் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதி, கவலையில்லை. மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, கடல் கொந்தளிக்கும். தொடர்ந்து இருபது நாள் வள்ளம் இறங்காவிட்டால் 320 கிலோ குறையும். அதைக் கருவாடாக்கினால் எடை ஏறக்குறைய மூன்றிலொன்றாகும், அதாவது நூறு கிலோவுக்குச் சற்று மேல் சேமிப்பு வேண்டும். உப்புக் கருவாட்டை அப்படியே பூனைக்கு வைக்கக் கூடாது, இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். தம்பலகாமக் குடாவும் உள்துறைமுகமும் வாடைக்காற்றிலிருந்து ஓரளவு மறைவானவை. மாரியில் அங்கே பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் உங்கள் ஊரின் அரசியல் தொடங்கும். கதையின் பதற்றமான அத்தியாயத்தை மார்கழியில் வையுங்கள். சித்திரையில் வைத்தால் அது நம்பும்படி இருக்காது.

இலை தின்பவர்களுக்குத் தொல்லையில்லை என்று நினைக்க வேண்டாம். ஊர் முழுக்க ஒரே பந்தியில் அமர்ந்து பொங்கல் உண்ணும் காட்சி எல்லாக் கதையிலும் வருகிறது, படமும் அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பந்தியில் மானுக்கும் எருமைக்கும் இலை போடாதீர்கள். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை புல்லையும் இலையையும் மெல்ல நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்த் தொட்டி. பழக்கமில்லாத வயிற்றில் திடீரென்று நிறையச் சோறு விழுந்தால் மாச்சத்து வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும். வயிறு உப்பும், அசைபோடுவது நிற்கும், கழியும், சில நேரம் ஒரு நாளிலேயே விழுந்துவிடும். மந்தி அசைபோடாது, ஆனாலும் அதன் வயிறும் இலையை நொதிக்க வைக்கும் வகைதான். பாணும் கனிந்த வாழைப்பழமும் அதற்கும் அளவோடுதான். செங்குரங்கு எதையும் தின்னும், அதற்குக் கன்னத்தில் பையும் உண்டு. பந்தியில் யார் இரண்டு முறை வாங்கினார்கள் என்று கண்டுபிடிப்பதே கடினம்.

தேநீர்க்கடைக் காட்சி எழுதுபவர்களுக்கு ஒரு சொல். பாணும் சம்பலும் நாய்க்குக் கொடுக்கிறீர்கள். சம்பலில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயம், பச்சையோ வெந்ததோ, நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். கடையில் நாய்க்கென்று வெங்காயம் போடாத சம்பல் தனிச் சட்டியில் இருக்கட்டும்.

மானையும் மந்தியையும் ஏன் நண்பர்களாக்குகிறீர்கள் என்று கேட்டால், இருவரும் நல்லவர்கள் என்ற பதில்தான் வருகிறது. காட்டில் அந்த நட்புக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மந்தி மரத்தில் தின்னும்போது பாதியைக் கீழே உதிர்க்கும். எட்டாத இலையும் காயும் புள்ளிமானுக்கு அப்படித்தான் கிடைக்கின்றன. மந்திக்கு உயரத்திலிருந்து தூரம் தெரியும், மானுக்கு மோப்பமும் காதும் கூர்மை. ஒன்று எச்சரித்தால் மற்றது ஓடும். இதை அப்படியே குத்தகை ஒப்பந்தமாக எழுதலாம்: மேல்மாடி மந்திக்கு, கீழ்வீடு மானுக்கு, வாடகை உதிர்ந்த இலை, காவல் இரண்டு பேருக்கும் பொது. சிறுத்தை அதே தெருவுக்குக் குடிவந்த நாளில் அந்த ஒப்பந்தத்தின் கடைசி விதி செல்லுமா என்ற வழக்கு வரும். எங்களைக் கேட்டால், தலைமுறை தலைமுறையாய் வந்த எச்சரிக்கைக் குரலைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. சிறுத்தை தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மந்தி தன்னையறியாமல் குரைக்கட்டும், பிறகு மன்னிப்புக் கேட்கட்டும்.

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் உண்மையிலேயே திரிகின்றன, குப்பையிலிருந்து சொப்பின் பைகளைத் தின்னவும் செய்கின்றன. பொலித்தீன் இரைப்பையில் செரிக்காது, அடுத்த அறைக்கு இறங்கவும் மாட்டாது. பந்தாகத் திரண்டு இடத்தை அடைக்கும், வயிறு நிறைந்திருக்கும்போதே மான் மெலிந்து சாகும். உப்பும் உணவு வாசனையும் ஒட்டியிருப்பதால்தான் அதைத் தின்கிறது. பேசத் தெரிந்த மானும் வாசனைக்கு மயங்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஊரில் மீன் பொதியத் தாமரை இலையா தேக்கிலையா என்பது நகரசபை விவாதப் பொருளாகிவிடும்.

யானையைக் கோட்டைக்குள் குடிவைக்காதீர்கள். ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 150 கிலோ தீவனமும் நூறு லீற்றருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஐந்து யானை இருந்தால் அந்தப் பாறை முனையில் ஒரு வாரத்தில் மரம் மிஞ்சாது. கந்தளாய்க் குளத்தின் பக்கம் வையுங்கள், கூட்டத்துக்கு நடந்து வரட்டும். கடல்வழியாக வந்தாலும் குற்றமில்லை, யானை நன்றாக நீந்தும். 2017 யூலையில் திருகோணமலைக்கு அப்பால் கடலுக்குள் இழுபட்டுப்போன இரண்டு யானைகளைக் கடற்படையினர் கரைசேர்த்தார்கள். நீரோட்டம் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனிப் பேச்சு. எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள் என்றே வைப்போம், ஆனால் எல்லாருடைய காதுக்கும் எல்லாம் கேட்காது. யானைக்கு ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த முழக்கம் கேட்கும், மேலே 12,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கேட்காது. எலி தன் இனத்தோடு பேசுவதில் பெரும்பகுதி அதற்கு மேலேதான்: அச்சமும் வருத்தமும் 22,000 ஹெர்ட்ஸ் அளவில், விளையாட்டும் மகிழ்ச்சியும் 50,000 அளவில். ஆகவே எலியும் யானையும் நேரடியாக வழக்காட முடியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மாட்டின் காது 23 ஹெர்ட்ஸிலிருந்து 35,000 வரை போகும், இரண்டு பக்கத்தையும் தொடுகிறது, ஆளும் நிதானம். ஆனால் கவனியுங்கள், மாட்டுக்கு எலியின் துக்கம் கேட்கும், சிரிப்பு கேட்காது. அந்த மாடு மொழிபெயர்த்த எலிகள் எல்லாம் எப்போதும் அழுதுகொண்டிருப்பவர்கள் என்றே யானைகள் நம்பும். பூனைக்கு இரண்டும் கேட்கும், ஆனால் எந்த எலி பூனையை மொழிபெயர்ப்பாளராக ஏற்கும்?

நிறத்திலும் இதே கவனம் தேவை. நாய், பூனை, மான், மாடு ஆகியவற்றுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. நீலமும் மஞ்சளும் தெரியும். அபாயக் கொடியைச் சிவப்பில் வரைந்தால் குரங்குக்கும் பறவைக்கும் மட்டுமே அது அபாயம்.

சபை கூடும் நேரம் அந்திதான். ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் மாலை ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைகிறது, அதனால் நேரத்தை மாதந்தோறும் மாற்றத் தேவையில்லை. காகம் இருட்டுமுன் அடைய வேண்டும், அதன் முறைப்பாட்டை முதலில் எடுங்கள். பழந்தின்னி வௌவாலும் ஆந்தையும் அப்போதுதான் கண்விழித்து வரும், அவர்களுடையது கடைசி. தலைக்கு ஒரு வாக்கு என்று மட்டும் சட்டம் போடாதீர்கள். எலி மூன்று வாரத்தில் எட்டுக் குட்டி போடும், யானை ஒரு கன்றுக்கு இருபத்திரண்டு மாதம் சுமக்கும். இரண்டாவது தேர்தலில் சபை முழுக்க எலிதான். இனத்துக்கு ஒரு வாக்கு போதும்.

உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்பதுண்டு. ஆண்மானுக்குக் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும்போது அதன்மேல் மென்தோல் போர்த்தியிருக்கும், பட்டாலே வலிக்கும், இரத்தமும் வரும். தலைவழியாக மாட்டும் சட்டை வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வையுங்கள். அதற்குமேல் உங்கள் விருப்பம்.

இனி எங்களுக்குக் கதை அனுப்புபவர்கள் முதல் அத்தியாயத்தோடு ஒரு தாளில் இவற்றையும் எழுதி இணையுங்கள்: ஊரில் யார் யார், எத்தனை பேர், ஒவ்வொருவரும் நாளுக்கு என்ன எவ்வளவு தின்கிறார்கள், அது மாரியில் எங்கிருந்து வரும், யார் எப்போது தூங்குகிறார்கள், யாருடைய குரல் யாருக்குக் கேட்காது. வரைபவர்கள் கதவுகளின் அகல உயரத்தையும் கைப்பிடியின் வகையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். உருண்டைக் குமிழ் வைத்த கதவைச் செங்குரங்கைத் தவிர வேறு யாரும் சிரமமில்லாமல் திறக்க மாட்டார்கள், கீழே அழுத்தும் நீளப் பிடி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கதைகளின் முதல் வாசகர்கள்,
திருகோணமலை.