‘எங்கே போகிறாய்’ என்று கேட்காதவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் உறவுகளே, அண்டை வீட்டாரே, கோயில் மாதர் பிரிவு அக்காமாரே, அனைவருக்கும் வணக்கம்.

என் மாமியாரை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சித்தியவானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வந்திருக்கிறேன். தெரிந்தேதான் இப்படிப் பச்சையாக எழுதுகிறேன். கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை, எனக்கு அறுவை சிகிச்சையும் இல்லை. தூங்கத்தான் போனேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், நோயாளியைப் பார்த்துக்கொள்ள நான்கு பேர் ஓடி வருவார்கள். களைத்துவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். ‘யாருக்குத்தான் களைப்பில்லை’ என்ற பதில் கையோடு வரும். நான் வாய் திறந்தபோது சொந்தக்காரர்கள் சிலர் கேட்ட முதல் கேள்வியே ‘எங்கே போகிறாய்?’ என்பதுதான். இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்றால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு வேண்டுமென்றால் மருத்துவச் சான்றிதழா காட்ட வேண்டும்? நீங்கள் எதையும் கேட்கவில்லை. ‘எந்த நாளிலிருந்து, எத்தனை இரவு?’ என்று மட்டும் கேட்டீர்கள். இந்த மடல் முதலில் அதற்காக.

எங்கள் வீட்டு நிலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தைக்கு 84 வயது. கமுனிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மறதி நோய். அல்சைமர் முதலில் கைவைப்பது புதிய நினைவுகளில்தான். பழையவை வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். காலையில் பசியாறியது மதியம் நினைவிருக்காது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய தண்டலின் (வேலை மேற்பார்வையாளர்) குரல் அப்படியே காதில் ஒலிக்கும். பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) நேரமாகிவிட்டது என்று வாசல் கதவை இழுப்பார். வெட்டுக் கத்தியையும் வாளியையும் யார் எடுத்தது என்று கேட்பார். வீட்டில் திருடி என்று பெயர் வாங்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

உதவி தேடாமல் இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளையும் மாற்றுத் திறனாளிகளையும் பார்த்துக்கொள்பவர்களுக்கு நம் மலேசியச் சமூக நலத் துறை ஓர் உதவித்தொகை தருகிறது. 2021ஆம் ஆண்டில் அது மாதம் 500 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்தது. தகுதியுள்ளவர்கள் வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் எங்கள் அத்தை படுக்கவில்லை, நடக்கிறார். அவர் நடப்பதுதானே எங்கள் சிக்கலே! பாவே என்கிற மூத்தோர் நடவடிக்கை மையங்கள் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நல்ல இடங்கள்தாம். உடற்பயிற்சி, கைவேலை, பேச்சுத் துணை எல்லாம் உண்டு. ஆனால் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை சரிப்படும். மறதி நோயாளிகளுக்கென்றே அல்சைமர் அறவாரியம் நடத்தும் பகல் பராமரிப்பு நிலையம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வர நான் என்ன ஹெலிகாப்டரா வைத்திருக்கிறேன்?

தனியார் முதியோர் இல்லங்கள் சில, குறுகிய காலத்துக்கும் ஆள் சேர்க்கின்றன. விசாரித்தேன். ஓரிடத்தில், மறதி நோய், நடமாட்டம் உண்டு என்றதும், ‘இரவில் கட்டிலோடு கட்டிவைத்தால் உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்டார்கள். பெயர் வேண்டாம். போனை வைத்துவிட்டேன். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் சமூக நலத் துறையிடம் பதிந்திருக்க வேண்டும். யாரைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். அதோடு, மறதி நோயாளியைப் பழகாத இடத்துக்குக் கொண்டுபோனால் குழப்பம் அதிகமாகும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அத்தையை அசைக்காமல் நான் நகர்வது என்று முடிவானது.

யார் எப்போது அத்தையைப் பார்த்துக்கொள்வது என்று முறைப்பட்டியல் போட்டது கோயில் மண்டபத்தில். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே, உபயப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினார்கள். உபயம் எடுப்பதைப்போல ஆளுக்கொரு பொழுது. பகல் இன்னார், இரவு இன்னார், சமையல் இன்னார். தலைவர் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று எழுந்தார். மாதர் பிரிவு அக்கா, ‘அண்ணா, பேச்சு அப்புறம், உங்களுக்கு எந்த இரவு?’ என்றார். பாவம், புதன்கிழமை மாட்டிக்கொண்டார். தலைவருக்கும் நன்றி. அத்தைக்கு அவர் தேவாரம் பாடிக் காட்டியதாகக் கேள்வி. அத்தை தூங்கியது பாட்டாலா அதிலிருந்து தப்பிக்கவா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லோரையும்விட நான் கடமைப்பட்டிருப்பது பின்வரிசை வீட்டு அக்காவுக்கு. எழுபது வயதைத் தாண்டியவர். தோட்டத்தில் ஆயாக் கொட்டகையை (குழந்தைக் காப்பகம்) பார்த்துக்கொண்டவர். முதல் இரவு அவருடையது. வழக்கம்போல நான்கு மணிக்கு அத்தை எழுந்து கதவை இழுத்திருக்கிறார். நானாக இருந்தால், ‘இப்போது பெரட்டு இல்லை அத்தை, நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள்’ என்று நூறாவது முறையாகச் சொல்லியிருப்பேன். அத்தை என்னைப் பார்த்து, ‘நீ யார் அதைச் சொல்ல, கிராணியா (தோட்டத்துக் கணக்கர்)?’ என்று கேட்டிருப்பார். ஆயா அக்கா கதவைத் தடுக்கவில்லை. தாழ்ப்பாளைத் தாமே விலக்கி, வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது. மரமெல்லாம் ஈரம். இன்றைக்கு வெட்டு இல்லை’ என்றாராம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுத் தடத்தில் நிற்காது. மரத்தில் கண்டபடி வழிந்து வீணாகும். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் வருகைப் பதிவில் பெயர் விழாது, அன்றைய கூலியும் இல்லை. அத்தை வாசலில் நின்று இருட்டைப் பார்த்து, ‘அப்படியானால் இன்று பெயர் விழாதே’ என்று முணுமுணுத்திருக்கிறார். ‘எனக்கும்தான் விழாது, வா, படுப்போம்’ என்றிருக்கிறார் அக்கா. இரண்டு பேரும் ஏழு மணி வரை தூங்கியிருக்கிறார்கள். ஈப்போ டவுனில் வளர்ந்த எனக்கு இந்தப் பதில் எந்தக் காலத்திலும் தோன்றியிருக்காது. திரும்பி வந்த பிறகு நானும் அதையே சொல்கிறேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை சுங்கை சிப்புட்டில் இப்போது தினமும் அடைமழை.

ஆயாக் கொட்டகையைப் பற்றி அக்காவிடம் நிறையப் பேசினேன். பெரட்டுக்கு முன்னால், இருட்டிலேயே, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடுவார்களாம். ஒரே கொட்டகையில் வரிசையாக ஏணைகள். ஒன்று அழுதால் எல்லாம் அழும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் தாய் வேலைக்கு வரமாட்டாள் என்பது துரைமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புத் தரச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. பாலும் பணமும் வர வேண்டும் என்றால் பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டு. அதே தாய் மதியம் திரும்பி வந்து ஒரு மணி நேரம் கால் நீட்ட வேண்டும் என்றால்? ‘அதற்கெல்லாம் கொட்டகை கட்டவில்லை’ என்று சிரித்தார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அம்மா) தனியாக நன்றி சொல்ல வேண்டும். இதை அவருக்கு மலாயில் படித்துக் காட்டுவதாக மகள் சொல்லியிருக்கிறாள். மக்சிக் பகல் பொழுதுகளை எடுத்துக்கொண்டார். அத்தைக்கும் அவருக்கும் பொதுவான மொழி பாதி தோட்டத்து மலாய், பாதி கைச்சாடை. ஒரு முறம் நெத்திலியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். தலையைக் கிள்ளு, வயிற்றைப் பிள, குடலை எடு, இந்தப் பக்கம் போடு. கைக்கு வேலை இருந்தால் அத்தையின் மனம் அலையாது. அதைக் கண்டுபிடித்தவர் மக்சிக்தான், எந்த மருத்துவரும் அல்ல. வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் எங்கள் வீட்டில் நெத்திலி உரிபட்டதைப் பற்றி நாத்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம். அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்ற தாதி அம்மா எழுதிக் கொடுத்த தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கம்தான். மாத்திரை எந்த நேரத்துக்கு, எந்த உணவு தொண்டையில் சிக்கும், எதைக் கண்டால் பயம் (கண்ணாடி), எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்புவார் (வீட்டில் வைத்த செல்லப் பெயர்), வெளியே போய்விட்டால் முதலில் எங்கே தேட வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில், முச்சந்தி மளிகைக் கடை. அங்கே போய்ப் பற்றில் அரிசி கேட்பார். கடை முதலாளி தௌக்கே ‘சரி சரி’ என்று தலையாட்டி, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு எங்களுக்குப் போன் செய்வார். நான் ஊரில் இல்லாதபோதும் ஒரு முறை அது நடந்திருக்கிறது. தௌக்கே, உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எங்கள் எண்ணுக்கு நன்றி. நோயாளி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒரு தாள் எழுதி வையுங்கள். எழுத உட்கார்ந்தால்தான், எவ்வளவு விஷயத்தைத் தனியாளாகத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று புரியும்.

வாசல் கதவில் மணி பொருத்திய தம்பிகளுக்கும், கோலாலம்பூரிலிருந்து வந்து இரண்டு இரவு தங்கிய நாத்தனாருக்கும் நன்றி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் சாலையில். இந்த முறை விடுப்புப் போட்டு இருந்து தம் தாய்க்குத் தலைவாரிச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். சடை கோணல். ஆனாலும் பின்னினார்.

தங்கை வீட்டில் என்ன செய்தேன் என்று சிலருக்கு ஆவல் இருக்கலாம். முதல் இரண்டு நாளும் எழுந்ததே சாப்பிடத்தான். சூடான சோற்றைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். குளியலறைக் கதவைத் தாழிட்டுக் குளித்தேன். லூமுட் கடற்கரை பக்கத்தில்தான். அழைத்துப் போகிறேன் என்றாள் தங்கை, வேண்டாம் என்றுவிட்டேன். நான்கு மணிக்கு விழிப்பு மட்டும் தானாக வந்தது. மறுபடி புரண்டு படுத்துக்கொள்ளலாம் என்பது உறைக்கச் சற்று நேரமாகும். அந்தச் சுகத்தை எழுதத் தெரியவில்லை.

கடைசியாக, வேலை விஷயம். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடவில்லை. அடுத்த முறை, கோடி வீட்டில் பக்கவாதம் வந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாவுக்கு. அங்கே படுக்கை நோயாளி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதனால் இரவுக்கு இரண்டு பேர் தேவை. புரட்டும் முறையைத் தாதி அம்மா ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபத்தில் காட்டித் தருகிறார். சனிக்கிழமை இரவு நான் இருக்கிறேன், அன்று அத்தையோடு மக்சிக். மற்ற இரவுகளுக்குப் பெயர் கொடுங்கள். அண்ணா எங்கே போகிறார் என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டாம்.

நீங்கள் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் என் சமையலறையில் குவிந்திருக்கின்றன. மூடி உடைந்த நீல டப்பா, பெயர் பொறித்த எவர்சில்வர் தூக்கு, பூப்போட்ட மங்கு இரண்டு. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கை மட்டும் அத்தை தம்முடைய பால் வாளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குரியவர் சற்றுப் பொறுக்க வேண்டும்.