எல்ஃபுக்கு வெள்ளை பூசச் சொல்லாதீர்கள்: சென்னை லார்ப் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஈசிஆர் பக்கம் சவுக்குத் தோப்பில் ஃபோம் கத்தியோடு நீங்கள் எங்களை ஓடவிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அலுவலகத்தில் வாயே திறக்காத ஒருவர் அங்கே படைத்தலைவராக நின்று முழங்கியதைப் பார்த்திருக்கிறேன். கேரக்டராக வேடம் கட்டி, அந்தக் கதையை நேரில் வாழ்ந்து ஆடும் இந்த லார்ப் விளையாட்டு நம் ஊரில் வேர் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன ஆட்டத்தில் நான் மேக்கப் மேசையில் இருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி முதல்முறையாக வந்திருந்தாள். எல்ஃப் (மாயக் கதைகளில் வரும் கூர்காதுக் காட்டினத்தவர்) வில்லாளியாக ஆசைப்பட்டு, கேரக்டரின் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியே கொண்டுவந்திருந்தாள். விதித்தாளில் ‘எல்ஃப்: வெளிர் நிறம், அரக்கர் படை: கறுப்பு’ என்றிருந்தது. “ரெண்டு ஷேட் ஏத்திடுங்க. இல்லன்னா அரக்கர் பக்கம் போட்டுடலாம், அதுக்கு மேக்கப்பே வேணாம்” என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் கெட்டவர் இல்லை, தாளில் இருந்ததைச் சொன்னார். அவள் ஸ்பாஞ்சைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். என் கையும் அவள் நிறம்தான். “பரவால்லக்கா, நான் அரக்கியாவே இருக்கேன்.” மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் காணவில்லை.

வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று குங்குமப்பூப் பால் கொடுக்கும் ஊர் நம்முடையது. பெண் பார்க்கிற கூடத்தில் கேட்ட பேச்சை, நாமே கட்டி எழுப்பும் ஒரு கற்பனை உலகத்திலும் அவள் கேட்க வேண்டுமா? வெளிநாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. கறுப்பு எல்ஃப் வேடத்துக்கு முகத்தில் கரி பூசும் வழக்கத்தை அங்கே பல குழுக்கள் விட்டுவிட்டன. நாம் மட்டும் பழைய தாளை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கூத்திலும் அரிதாரம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அந்தச் சிவப்பும் பச்சையும் எந்த மனிதரின் தோல் நிறமும் இல்லை. வேஷம் கட்டுகிறவர் மாநிறமோ கறுப்போ, பூச்சு ஒன்றுதான். ஆண் ஒருவர் பாஞ்சாலி கட்டித் துகில் உரியும் காட்சியில் நிற்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் நிஜமாகவே அழுகிறார்கள். கேரக்டர் குரலிலும் நடையிலும் ஏறி நிற்கிறது. காதை நீட்டுங்கள், நெற்றியில் இலை வரையுங்கள், முகம் முழுக்க நீலம் பூசுங்கள். மனிதத் தோலின் நிறத்தை மட்டும் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்காதீர்கள்.

உடை விதியையும் இதே கண்ணோடு பாருங்கள். 1982-ல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் ‘டிரெஷர் டிராப்’ என்று இந்த விளையாட்டு நடந்தபோது, கம்பளி மேலங்கியும் தோல் கவசமும் அந்தக் குளிருக்குப் பொருந்தின. இங்கே மே மாதம் பத்து மணிக்கே வியர்வை காய மறுக்கிறது. காற்றுப் புகாத ஃபோம் கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினால் மயக்கம்தான். ஆனாலும் தோல் கவசத்துக்குக் கூடுதல் உயிர்ப்புள்ளி, அதாவது ஆட்டத்தில் கூடுதல் அடி தாங்கும் கணக்கு, கொடுக்கிறீர்கள். ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடிந்தவருக்கு நாலு உயிர், மற்றவருக்கு ஒன்று. கூத்துக்காரர்களின் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியையும் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடியும் ஜிகினாவும் ஒட்டிய அந்தக் கட்டைகளோடுதான் விடிய விடிய ஆடுகிறார்கள். கோடவுன் தெருவில் காடாத் துணி எடுத்துச் சாயம் போட்டாலே நல்ல காட்டுவாசி உடை தயார். அந்த உழைப்புக்கும் புள்ளி கொடுங்கள்.

இன்னொன்று. ‘நாடோடி வியாபாரி’ கேரக்டருக்கு ஒருவர் நரிக்குறவர் மாதிரி பாசிமணி கட்டி, அவர்கள் பேச்சைப் பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் பாசிமணி விற்கும் அக்கா அன்று அங்கே நின்றிருந்தால் சிரித்திருப்போமா? நம்மோடு இதே ஊரில் வாழ்கிற மக்கள் யாருக்கும் வேடப் பொருள் இல்லை. இதை விதியாகவே எழுதி வையுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு முதலில் கேரக்டர் கதையை வாங்குங்கள். என்ன உடுத்துவது என்பதை அதற்குப் பிறகு சேர்ந்து பேசலாம். தோல் நிறம் பற்றிய அந்த ஒரு வரியை இந்த வாரமே அடித்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணோடு பேசினேன். அவளுடைய எல்ஃப், ஆறு கடலில் கலக்கும் இடத்து அலையாத்திக் காட்டில் பிறந்தவளாம். சேற்றில் சத்தமில்லாமல் நடப்பாளாம். அந்த இரண்டு பக்கத்தை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன், அவள் சம்மதத்தோடு. படித்துவிட்டு அவள் பெயரை எல்ஃப் பட்டியலில் சேருங்கள். உடையை நான் தைத்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மேக்கப் மேசைக்காரி