காலுறை பின்னக் கற்பவருக்கு முதலில் வேண்டியது அளவுநாடா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் அண்மையில் வெளிவந்த, கையால் காலுறை பின்னும் முறை பற்றிய குறிப்பை ஆவலோடு படித்தேன். ஸ்வெட்டருக்கும் குல்லாய்க்கும் மட்டுமே இடம் கிடைத்துவந்த பக்கத்தில் சாக்ஸுக்கும் இடம் கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும், "60 கண்ணிகள் ஏற்றிக்கொள்ளவும்" (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையம்) என்று தொடங்கும் அந்தக் குறிப்பில், எந்தப் பருமனுள்ள நூலுக்கு, எத்தனை மில்லிமீட்டர் ஊசிக்கு, யாருடைய பாதத்துக்கு அந்த 60 பொருந்தும் என்பது எங்குமே சொல்லப்படவில்லை. ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் முதல் காலுறையோடு ஊசியைக் கீழே வைத்துவிடுவதற்கு இந்த ஒரு குறையே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். எனக்குப் பின்னக் கற்றுத் தந்தவர் என் அத்தை. சைக்கிள் சக்கரக் கம்பிகள் ஐந்தை ஒரே நீளத்தில் வெட்டி, இரு முனைகளையும் கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தார். அவையே அவருடைய காலுறை ஊசிகள். நான் முதன்முதலில் பின்னியது, வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றில் இருந்தபடி 72 கண்ணிகள் போட்டு, கடைவீதியில் கிடைத்த தடித்த உல்லன் நூலில். அந்த நூலில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணிகள்தான் அடங்கும் என்பதை நான் அளந்து பார்க்கவில்லை. காலுறை 36 சென்டிமீட்டர் சுற்றளவில் வந்து நின்றது. அத்தை கடிந்துகொள்ளவில்லை. ஒரு நூலை எடுத்து என் பாதத்தின் அகன்ற பகுதியைச் சுற்றிப் பிடித்து, அந்த நீளத்தில் முடிச்சிட்டு, அதைப் பின்னலின் மேல் நீட்டிவைத்து, எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று விரல் நுனியால் எண்ணிக் காட்டினார். "காலை அளக்காம கண்ணி போடலாமாம்மா?" என்றார். அளவிலிருந்து கண்ணிக்கு வருவது எப்படி என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அவர் நூலால் செய்ததை இன்று நான் கணக்காகச் செய்கிறேன். மெல்லிய காலுறை நூலையும் இரண்டரை மில்லிமீட்டர் ஊசியையும் கொண்டு ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி அளந்தால், என் கைக்கு 10 சென்டிமீட்டரில் 31 கண்ணிகளும் 42 வரிசைகளும் வருகின்றன. பாதத்தின் சுற்றளவு 23 சென்டிமீட்டர் என்றால், காலுறை இழுபட்டுப் பிடித்து நிற்பதற்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க, 20.7 மிஞ்சும், அதை 3.1 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 64. இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று மேல்விளிம்பு பின்னுவதற்கு இது நான்கால் வகுபடவும் செய்கிறது. வேறொருவருடைய கை சற்று இறுக்கமாகப் பின்னும் கையாக இருந்தால், அதே நூலில், அதே ஊசியில், அதே பாதத்துக்கு 68 வரலாம். எனவேதான் அச்சில் வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த எண்ணுக்கு வந்த வழியைக் கற்றுத் தர வேண்டும் என்கிறேன்.

கற்பவர்கள் மிகவும் அஞ்சும் குதிகாலும் கணக்குத்தான். 64 இல் பாதியான 32 கண்ணிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அப்படியே மறு ஊசிக்கு மாற்றி 32 வரிசைகள் பின்னினால், பக்கத்துக்கு 16 விளிம்புக் கண்ணிகள் சங்கிலிபோல் நிற்கும். பின்பு நடுவைச் சற்றுத் தாண்டியதும் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கி, வரிசை முடிவதற்கு முன்பே துணியைத் திருப்பி, மறுபக்கமும் அவ்வாறே செய்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணி கூடுதலாகப் போய்வந்தால், தட்டையாக இருந்த துணி கையிலேயே கிண்ணம்போல் குழிந்து வருவதைக் காணலாம். எத்தனையோ ஜோடிகள் பின்னிய பிறகும் அந்த இடத்தில் என் கை ஒரு நொடி நின்றே செல்கிறது. அங்கு எஞ்சுவது 18 கண்ணிகள். இருபுறமும் எடுக்கும் 16, 16, பாதத்தின் மேற்புறம் காத்திருக்கும் 32 ஆகியவற்றைச் சேர்த்தால் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்தால் 18 சுற்றுகளில் மீண்டும் 64 வந்துவிடும். இதைப் புரிந்துகொண்டவர் எந்த எண்ணிலும் குதிகால் பின்னுவார்.

விரல் முனையில் எஞ்சும் கண்ணிகளைத் தையல் ஊசியால், இன்னொரு பின்னல் வரிசை போலவே தோன்றும்படி இணைக்கும் முறைக்கு, முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் பிரபுவின் பெயர் வழங்கிவருகிறது. விரல்களை உறுத்தும் மேடு அதில் இராது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி, சொந்தமாக வடிவம் அமைப்பது பற்றி. என் தாயாரின் பட்டுப்புடவையில் இருந்த கோபுரக் கரையைக் காலுறையில் கொண்டுவர விரும்பினேன். நான்கு ஊசிகளில் 64 கண்ணிகள், ஊசிக்கு 16, ஆகவே ஊசிக்கு ஒரு கோபுரம் என்று கணக்கு அழகாக அமைந்தது. பள்ளிக் கணக்கு நோட்டின் சதுரக் கட்டத்தில் 16க்கு 16 ஆக வரைந்து, மஞ்சளில் அரக்கு நிறத்தை ஏற்றிப் பின்னினேன். கோபுரம் அமுங்கிக் குட்டையாக வந்தது. கண்ணியின் அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்குதான் என்பதால், 16 கண்ணி அகலத்துக்கு ஈடான உயரம் வர 22 வரிசைகள் வேண்டும். மேலும், உச்சியில் அரக்கு நூல் பதினான்கு கண்ணிகளுக்குப் பின்புறம் தாண்டிச் செல்வதால், அதை நான்கைந்து கண்ணிகளுக்கு ஒருமுறை மற்ற நூலோடு பிணைக்காவிட்டால் அணியும்போது விரல் மாட்டிக்கொள்ளும். இரு நிறப் பின்னல் அவ்வளவாக இழுபடாது. என் முதல் கோபுரக் காலுறை குதிகாலைத் தாண்டி ஏறவேயில்லை. கரைப் பகுதிக்கு மட்டும் 72 கண்ணிகளாக்கி, கோபுரத்தை 18 கண்ணிகளுக்கு விரித்து, அதன் கீழே 64க்குக் குறைத்த பிறகே அணிய முடிந்தது.

பின்னலாடை என்றவுடன் திருப்பூர் நினைவுக்கு வரும் நம் மாநிலத்தில், 1589 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய முதல் பின்னல் எந்திரம் நீள்காலுறைக்காகவே பிறந்தது என்பதும், இடைக்கால எகிப்தில் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் பின்னிய காலுறைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன என்பதும் கற்பவர்களை மகிழ்விக்கும். கம்பளி வேண்டாத சமவெளி வாசகிகளும் பருத்தியில் பின்னலாம். பருத்தி நூல் தானாகச் சுருங்கிப் பிடிக்காது என்பதால் மேல்விளிம்பைச் சற்று நீளமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி வரும் ஒவ்வொரு பின்னல் குறிப்பிலும் நூலின் பருமன், ஊசியின் அளவு, 10 சென்டிமீட்டரில் அடங்கும் கண்ணிகள், வரிசைகள், அணிபவரின் பாதச் சுற்றளவு ஆகியவற்றைத் தவறாமல் அச்சிடுங்கள். அத்தோடு ஒரு வாரம், நான்குக்கு மூன்று என்ற அளவில் படுக்கைவாட்டுக் கட்டங்கள் மட்டும் கொண்ட ஒரு வெற்றுக் கட்டத்தாளை அரைப் பக்கத்தில் வெளியிடுங்கள். அத்தகைய தாள் இங்குள்ள கடைகளில் கிடைப்பதில்லை. நான் அடிக்கோல் வைத்துக் கையால் வரைந்து வருகிறேன். தாங்கள் அச்சிடும் தாளில் நான் அடுத்து வரைய நினைத்திருப்பது தாழம்பூக் கரை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.