காற்றிலேயே பிறக்கும் துகள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்று மாசு பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, வைக்கோல் எரிப்பு, எல்லாம் சரிதான். ஆனால் நுண்துகள் எல்லாமே எங்கிருந்தோ கிளம்பிப் பறந்து வருவது போலவே எழுதியிருக்கிறீர்கள். கணிசமான துகள்கள் வானில் வாயுக்களிலிருந்தே உருவாகின்றன, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

நிலக்கரி எரியும்போது வெளிவரும் சல்பர் டை ஆக்சைடு, வெயிலில் நடக்கும் வேதிவினைகளால் கந்தக அமில ஆவியாகிறது. அந்த மூலக்கூறுகள் இரண்டு மூன்று ஒட்டினாலும் பெரும்பாலும் உடனே பிரிந்துவிடும், பிரியாமல் பிடித்து வைக்க அம்மோனியா, அதன் உறவான அமீன் என்ற வாயுக்கள் போன்ற ஏதாவது துணை வேண்டும். அந்தக் கொத்து சுமார் 2 நானோமீட்டரைத் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டிவிட்டால் அப்புறம் மற்ற ஆவிகளும் அதன்மேல் படியப் படிய வளர்ந்துகொண்டே போகும். வளர்வதற்குள் பெரிய துகள்களில் மோதி ஒட்டிக் காணாமல் போவதும் ஏராளம். தப்பிப் பிழைத்து 50, 100 நானோமீட்டரை எட்டுபவைமேல் நீராவி படிந்து மேகத்துளியாகிறது. உலகம் முழுக்க மேகத்துளிக்கு வித்தாகும் துகள்களில் ஏறத்தாழப் பாதி இப்படிப் பிறந்தவை என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

ஜெனீவா அருகே செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் 26 கன மீட்டர் எஃகுக் கலத்துக்குள் 2009 முதல் இதைச் சோதிக்கிறார்கள். கந்தக அமிலமும் அம்மோனியாவும் மட்டும் இருந்தால் தரையருகே காணும் வேகத்தில் துகள் பிறக்காது என்று 2011இல் சொன்னார்கள். லட்சம் கோடி மூலக்கூறுகளில் சிலவே அமீனாக இருந்தாலும், அம்மோனியாவோடு ஒப்பிட்டால் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடும் என்று 2013இல் தெரிந்தது. 2016இல் வந்த முடிவுதான் என்னை அசத்தியது: பைன் மரங்கள் விடும் ஆவியிலிருந்தே, கந்தக அமிலம் துளியும் இல்லாமல், துகள் பிறக்கிறது!

இது வெறும் ஆய்வக விஷயம் இல்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவி சல்பர் டை ஆக்சைடு வாயுவைப் பிடிக்காது. தூசி நிறைந்த நகரக் காற்றில் புதிய துகள் பிறக்காவிட்டாலும், அந்த வாயு சல்பேட் என்ற கந்தக உப்பாக மாறிப் பழைய துகள்கள்மேல் சேர்ந்து எடையைக் கூட்டும். அதனால்தான் நம் நாட்டு அனல்மின் நிலையங்கள் விடும் சல்பர் டை ஆக்சைடுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு வைத்தது. ஆனால் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு, புகையிலிருந்து இந்த வாயுவைப் பிரிக்கும் கந்தக நீக்கக் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள், எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது. அடுத்த முறை எழுதும்போது தூசியோடு நிறுத்திவிடாமல், எந்த நிலையம் எவ்வளவு கந்தக வாயு விடுகிறது என்பதையும் தயவுசெய்து கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்