எந்தக் கப்பல், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரங்கூன் வார இறுதிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். சனிக்கிழமை தௌக்ஜான் போர்க் கல்லறை, ஞாயிறு ஷ்வேடகோன், சுலே பகோடாக்கள், படகில் அக்கரைத் தல்லா. கால் வலிக்காத சரித்திரம். நடுவில் ஒரு வரி: 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் தமிழர்கள் கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார்களாம்.

எந்தக் கப்பல், ஐயா? என் தாத்தா இங்கே ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1941 டிசம்பர் 23 அன்று முதல் குண்டு விழுந்தது. கப்பல் சீட்டு காசுள்ளவர்களுக்கு, மற்றவர்களுக்குக் கால். தாத்தாவும் பாட்டியும் வடக்கே புரோம் நகரம் வரை போனார்கள். அங்கே காலரா. கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு பாட்டி திரும்பிவிட்டார். ஒன்பது வயதுப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு தாத்தா தவுங்குப் மலைப்பாதையில் ஏறினார். அரக்கான் கடற்கரையில் இருக்கும் அக்யாப் துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்கிறேன் என்றாராம். வரவில்லை.

இறந்த திதி தெரியாததால் எங்கள் வீட்டில் மகாளய அமாவாசைதான் கணக்கு. பாட்டி அன்று இரண்டு இலை போடுவார். பெரிய இலையில் எள்ளுருண்டை இருக்கும். சின்ன இலையில் சோறு, குழம்பு, வடை எல்லாம் உண்டு. எள் மட்டும் இருக்காது. பிள்ளை எங்கேயாவது இருந்தால்?

கட்டுரையாளர் தௌக்ஜானில் பூச்செடிகளை அழகாகப் படம் பிடித்திருக்கிறார். தூண்களைப் படித்தாரா? கல்லறையே இல்லாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வரிசையில் நம்மூர்ப் பெயர்களை விரலால் தடவிப் படிக்கலாம். நடு மண்டபத்தில், சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்று ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. வெள்ளைக்காரன் விட்டான், சரி. நீங்களுமா? ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்த மலாயாத் தமிழ்க் கூலிகளுக்கு அங்கே தூணும் கிடையாது, உங்கள் கட்டுரையில் அரை வரியும் கிடையாது.

புதிதல்ல. 1964இல் எங்கள் கடைகள் அரசுடைமையானதையும், போனவர்கள் போக நாங்கள் இங்கேயே தங்கியதையும் பற்றி முன்பு நான் எழுதிய நான்கு பக்கம் தங்கள் அலுவலகத்தில் எங்கோ பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். பர்மா என்றால் உங்களுக்கு அத்தோ என்ற நூடுல்ஸ். இங்கே மொட்டையாக அத்தோ கேட்டால், எதை வைத்துப் பிசைய வேண்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கலந்து பிசைந்தது எல்லாமே அதுதான். அதையாவது விசாரித்திருக்கலாம்.

தங்கள் இதழ் சென்னையிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே மடிந்து, இரண்டு மாதம் கழித்து எனக்குக் கிடைக்கிறது. அப்படியும் அட்டை முதல் அட்டை வரை படிக்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'கப்பலேறி' என்பதைப் 'பெரும்பாலோர் நடந்து' என்று ஒரு வரியில் திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
யாங்கோன்.

பி.கு.: திங்கள் காலை விமானம் ஏறுமுன் பொஜோ மார்க்கெட்டில் ஷாப்பிங் செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். திங்கள் அங்கே விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.