நெருஞ்சிக் காட்டுக்கு நாலு டயர்

அன்பு மகளுக்கு,

ஆஸ்திரேலியாவில் உன் மில்டியூரா திராட்சைத் தோட்டத்தில் ஓட்டும் குவாட் பைக்குக்கு, அந்த நாலு சக்கரத் திறந்த வண்டிக்கு, டயர் மாற்றணும் என்று கேட்டிருந்தாய். கடையில் காட்டிய அந்த 27 அங்குலச் சேற்று டயர் வேண்டாம் கண்ணு. பார்வைக்கு எடுப்பாக இருக்கும், உன் மண்ணுக்கு ஆகாது.

முதலில் பழைய டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்து எண்ணைப் படி. 25×8-12 என்றால் மொத்த உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. முன்னையும் பின்னையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். பின் டயர் அகலமாக இருக்கும். சில ஹோண்டா வண்டிகளில் முன் ரிம் 12, பின் ரிம் 11. முன்னதை மட்டும் பார்த்து நாலுக்கும் ஆர்டர் போட்டால் பின் ரிம்மில் ஏறாது.

கம்பெனி கொடுத்த உயரத்தை மாற்றாதே. 25-லிருந்து 27-க்குப் போனால் வண்டியே ஒரு அங்குலம் மேலே ஏறும். சீட்டுக்குப் பின்னால் மருந்துத் தொட்டி வேறு தளும்பிக்கொண்டிருக்கும். கவிழும் ஆபத்தை நினைத்துத்தான் 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கும் புது வேலை குவாட் பைக்குகள் பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரி சாய்வு தாங்கணும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். உயர டயர் போட்டு அந்தக் காப்பை நாமே குறைக்கக் கூடாது. இன்ஜின் விசையை பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கொடுக்கும் வண்டி என்றால் கனமான டயரை இழுக்க முடியாமல் பெல்ட் வழுக்கிச் சூடேறும்.

இரண்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமா என்று கேட்டாய். ஃபோர் வீலில், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது, முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றணும். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு போடு. ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி தரையில் கோடு போட்டு டேப் பிடி. 25 அங்குல டயர் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். உயரம் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்றுக்கு 8 சென்டிமீட்டர் குறையும். மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கெட்டித் தரையில் அந்த இறுக்கம் ஷாஃப்டிலும் கியரிலும் போய் விழும், ஹேண்டில் கனக்கும். அதனால் நாலையும் சேர்த்தே மாற்று.

இனி பட்டன், அதாவது டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டிகள். உன் தோட்டத்தில் செம்மணலும் சரளைப் பாதையும்தான், சேறு அபூர்வம். அங்கே ‘கேட்ஹெட்’ என்று திட்டுகிறார்களே, அது நம்மூர் நெருஞ்சியேதான். சேற்று டயரில் பட்டன் உயரம், நடுவில் இடைவெளி அகலம். அந்த இடைவெளியில் ரப்பர் மெல்லியது, முள் அங்கேதான் இறங்கும். கெட்டிப் பாதையில் உயரப் பட்டன் அதிரும், சீக்கிரம் தேயும், வரிசைப் புல்லையும் பிய்த்துப் போடும். பட்டன்கள் நெருக்கமாக உள்ள, எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயரில் 6 பிளை ரேட்டிங் கேள். 6 பிளை என்றால் ஆறு அடுக்கு நூல் என்று அர்த்தமில்லை, அது வலுவின் அளவு. அதற்கு மேல் போனால் டயர் விறைத்துக் குலுக்கும். உள்நூல் குறுக்கே நேராக ஓடுவது ரேடியல் டயர், சாய்வாகப் பின்னியது பயஸ் டயர்; ஒரே அச்சில் இரண்டையும் கலக்காதே. தயாரிப்புத் தேதியையும் பார். பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு எண் 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

முள்ளுக்கு சீலன்ட் திரவம் ஊற்றலாம். பட்டன் பக்கத்துச் சின்ன ஓட்டைகளை அது அடைக்கும். பக்கவாட்டு கிழிசலுக்கு உதவாது, அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

காற்று விஷயத்தில் கவனமாக இரு. பல குவாட் பைக்குகளுக்கு 5 முதல் 7 பாயிண்ட் (psi) தான். சரியான அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கார் மீட்டர் இவ்வளவு குறைவைச் சரியாகக் காட்டாது, 15 பாயிண்ட் வரைக்குமான தனி மீட்டர் வாங்கு. 5 பாயிண்டில் ஒன்று குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போச்சு, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதிகம் அடித்தால் துள்ளும், நடுப் பட்டன் மட்டும் தேயும். ரொம்பக் குறைத்தால் திருப்பத்தில் பீடிங், அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு, ரிம்மை விட்டு நழுவும். காலையில் டயர் ஆறியிருக்கும்போதே அளந்துகொள்.

மாட்டும்போது ரிம் விளிம்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பீடிங்கில் சோப்புத் தண்ணீர் தடவு. வால்வையும் புதிதாகப் போடச் சொல். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்கணும். பீடிங் ‘டப்’பென்று உட்காரும். உட்காரவில்லை என்றால், பக்கவாட்டில் எழுதிய உச்ச அளவைத் தாண்டிக் காற்று அடிக்க விடாதே, டயர் வெடிக்கும். காற்றை இறக்கி, சோப்பு தடவி மறுபடி முயலட்டும். உட்கார்ந்த பிறகு, ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று விரல் வைத்துப் பார். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கணும்.

ஆர்டர் போடுமுன் நாலு டயரின் எண்ணையும் ஸ்டிக்கரையும் படமெடுத்து அனுப்பு.

அப்பா